வள்ளிநாயகி வீட்டில் சீனி இல்லை

வள்ளிநாயகியின் குசினியில் சீனிப் போத்தல் இல்லாமல் போய்ப் பல வருசமாகிவிட்டது. சல்லி என்கிற அந்தக் கடற்கரை ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவசரத்துக்கு ஒரு சுண்டு சீனி கேட்டு வேலிக்கு மேலால் யாராவது தலையை நீட்டினால், "எங்கட வீட்டில சீனி மருந்துக்கும் இல்லை, அங்கால வீட்டில கேளுங்கோ" என்பாள். சொல்லும்போது கழுத்து ஒரு விரற்கடை உயரும்.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. அவளுடைய புருசன் தம்பிராசாவுக்குச் சீனி வருத்தம் என்று பட்டினத்தில் ஒரு டிஸ்பென்சரியில் சொன்ன அன்றே, அவள் வீட்டுக்கு வந்து சீனிப் போத்தலைக் கழுவிக் காயவைத்து அதற்குள் மிளகைப் போட்டுவிட்டாள். அந்த டொக்டர் குளிசையும் தந்து நிறையச் சொல்லியிருப்பார். "சீனியை நிப்பாட்டுங்கோ" என்றது மட்டும் அவள் காதில் நின்றது. வருத்தத்தின் பெயரே சீனி வருத்தம். சீனியை நிப்பாட்டினால் வருத்தமும் நிற்கத்தானே வேண்டும். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

அயலில் இதே வருத்தக்காரர் சிலர் வீட்டில் ஒன்றும் தெரியாதவர்கள்போல இருந்துவிட்டு, சந்திக் கடையில் களவாக இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள். தம்பிராசா அப்படிப்பட்ட ஆள் இல்லை. மனுசி சொன்னால் சொன்னதுதான். கரையிலும் கடலிலும் வெறும் தேத்தண்ணிதான். உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துக்கொண்டு ஒரு கடி, ஒரு மிடறு. பிறகும் ஒரு கடி, ஒரு மிடறு. அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் தேத்தண்ணி குடிக்கிற முறையே அதுதான். சண்டையால் பாதை பூட்டிச் சாமான் வராத நாட்களிலும் வள்ளிநாயகி பட்டினத்துச் சந்தையில் நாலு கடை ஏறி இறங்கியாவது பனங்கட்டி வாங்கி வந்துவிடுவாள். பாவம், மனுசன் சீனியை விட்டுவிட்டார், இதையாவது கடிக்கட்டும் என்று.

வள்ளிநாயகி பிறந்தது வடக்கே திரியாயில். தகப்பன் வயல் செய்தவர். தம்பிராசாவும் அதே ஊர்தான், ஆனால் கடற்கரைப் பக்கம். கலியாணம் செய்த புதிதில் மீன் மணம் பிடிக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு தின்றதாக அவளே சொல்லிச் சிரிப்பாள். தாய் செத்த பிறகு அவளுடைய தம்பி யோகராசாவும் அவளோடுதான் வளர்ந்தான். எண்பதுகளின் நடுவில் சண்டையால் ஊரே காலியாகி ஓட வேண்டி வந்தபோது, ஒரு கையில் மகளையும் மற்றக் கையில் தம்பியையும் பிடித்துக்கொண்டு கரையோரமாக நடந்து வந்தவள் அவள். தகப்பன் கொஞ்ச நாளில் முகாமிலேயே போய்ச் சேர்ந்தார். சல்லியில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கடல் இருந்தது. தம்பிராசாவுக்கு அது போதும். மகள் வளர்ந்து கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போனாள். சுனாமி வந்து இருந்த வள்ளத்தைக் கொண்டு போனது. யாரோ வெளிநாட்டுக்காரர் ஒரு பைபர் வள்ளமும் எஞ்சினும் கொடுத்தார்கள். தம்பிராசா எஞ்சினைப் பிடிக்க, யோகராசா வலையைப் பார்க்க, இரண்டு பேருமாகத் தொழில் செய்தார்கள்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. விடிந்த பிறகுதான் கடலுக்குப் போகலாம், பொழுதுபட முன்னம் கரைக்கு வந்துவிட வேண்டும், வடக்கே ஓர் எல்லைக்கு அங்கால் போகவே கூடாது என்று நேவி சொன்னது. அந்த எல்லை தண்ணீரில் எழுதியா இருக்கிறது? கரையில் தெரிகிற மரத்தையும் மலையையும் வைத்துத்தான் ஒவ்வொருவரும் தங்கள் தலைக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். தம்பிராசாவின் தலைக்குள் இருந்த கோடு மற்றவர்களுடையதைவிடத் திறம். அவருடைய வள்ளத்தைப் பார்த்து மற்ற வள்ளங்கள் திரும்பும்.

அந்தத் தலைதான் குழம்பத் தொடங்கியது.

முதலில் சின்னச் சின்ன விசயங்கள். குளிக்கவென்று கிணற்றடிக்குப் போனவர், குளிக்காமலே வாளியோடு திரும்பி வந்து, "இதை ஏன் என்ர கையில தந்தனி?" என்று கேட்டார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய முன்னம் "சோறு போடன்" என்றார். வள்ளிநாயகிக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. "உங்களுக்கு ரெண்டாம்தரம் போட்டா எனக்குச் சட்டியைச் சுரண்டத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அடிக்கடி தண்ணீர் குடித்தார், இரவில் அடிக்கடி எழும்பினார், உடம்பும் மெலிந்தது. வயசு போகுது, கடல் வேலை, என்று நினைத்தாள்.

வைகாசி மாதத்தில் அது சிரிக்கிற விசயமில்லை என்று தெரிந்தது. நடந்ததை யோகராசா வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

வலையை ஏற்றியாகிவிட்டது. எஞ்சின் தம்பிராசாவின் கையில். யோகராசா முன்னுக்கு இருந்து குனிந்தபடி மீன் கழற்றிக்கொண்டிருந்தான். கரைக்குத் திரும்பினால் காலை வெயில் முதுகில் விழ வேண்டும். அது வலக்கன்னத்தில் சுட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தான். வள்ளம் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தான், எங்க போறியள்?"

"வீட்டை."

"வீடு இந்தப் பக்கமெல்லோ."

"திரியாய்க்குப் போற வழியை நீ எனக்குச் சொல்லித் தரப்போறியோ? மாமா வயல் வெட்டுறார். வேளைக்குப் போகாட்டி உன்ர கொக்கா என்னை விடமாட்டாள்."

யோகராசா பகிடி என்று நினைத்துச் சிரித்தான். மாமா என்று அவர் சொன்னது அவனுடைய தகப்பனை. அந்த மனுசன் செத்து இருபது வருசத்துக்கு மேல். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவன் வலையைத் தாண்டி எஞ்சினடிக்கு வருவதற்குள் நேவிப் படகு வந்துவிட்டது. மேலே இரண்டு வெடி. இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள்.

பொழுதுபடும் மட்டும் அவர்களைக் காவலில் வைத்திருந்தார்கள். நல்லகாலம், அங்கே கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு வயசான நேவிக்காரர் இருந்தார். தம்பிராசாவை முன்னுக்கு இருத்தி ஏதேதோ கேட்டுவிட்டு, யோகராசாவின் பக்கம் திரும்பி, "எங்கட அப்பாவும் இப்படி. வீடு மறக்கும்" என்றார். பிறகு மேலிடத்தில் கதைத்து அவர்களை விட வைத்தவரும் அவர்தான். போகும்போது இரண்டு பேருக்கும் வெறும் தேத்தண்ணியும் ஒவ்வொரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியும் கொடுத்தாராம்.

"அவங்களும் கடிச்சுத்தான் குடிக்கிறாங்கள் அக்கா" என்றான் யோகராசா. சொல்லிவிட்டு அழுதுவிட்டான்.

அந்த நேவிக்காரரின் பெயர் வள்ளிநாயகிக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து முத்துமாரி அம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்துகிற நேரமெல்லாம் தன் வீட்டுப் பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டு, "தாயே, அந்த மனுசனும் நல்லா இருக்கவேணும், அவற்ற தகப்பனும் வீட்டை மறக்காமல் இருக்கவேணும்" என்று சேர்த்துக்கொள்வாள்.

அழுது முடிந்த பிறகு யோகராசா சொன்னதுதான் அவளை உடைத்தது. "அக்கா, கோவியாதை. அத்தானை இனி நான் வள்ளத்தில ஏத்தமாட்டன். அவர் எஞ்சினைத் தொடவும் வேண்டாம். இந்தமுறை மேல சுட்டாங்கள். எல்லா முறையும் மேல சுடமாட்டாங்கள்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அடுத்த நாள் விடிய, மற்ற வள்ளங்கள் இறங்குகிற நேரம் தம்பிராசாவும் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். யோகராசா தலையைக் குனிந்தபடி வேறொருவனை ஏற்றிக்கொண்டு போனான். கரையில் நின்ற ஒருத்தன், "என்ன அண்ணை, திரியாய் பஸ் வெளிக்கிட்டுதோ? எனக்கும் ஒரு சீற் போடுங்கோ" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். தம்பிராசாவும் சிரித்தார். தன்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. வள்ளிநாயகிக்கு விளங்கியது. கருவாட்டுப் பாயில் கிடந்த மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, அந்தப் பெடியனின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வாய்க்குள் திட்டினாள்.

அவளுக்கு இருந்த பயம் ஒன்றுதான். இந்த மனுசன் இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் திரியாய்க்குப் போய்விடுவாரோ? உடம்பு சல்லியில் இருக்க, அன்றைக்கு விட்டு ஓடிவந்த, ஆட்கள் இல்லாத ஊருக்குப் போய், அங்கேயே நின்றுவிடுவாரோ?

மறதி வருத்தத்துக்கு மருந்தில்லை என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். ஆதம்பாவா மட்டும் கேட்கவில்லை. அவன் பட்டினத்தில் ஓட்டோ ஓடுகிறவன். தம்பிராசா பிடிக்கிற மீனைச் சந்தைக்கு ஏற்றிப் பழக்கம். "மருந்து இருக்கா இல்லியா எண்டு சொல்றதுக்கு இவங்க ஆரு அக்கா? டொக்டர்மாரா? வாங்க, ஏறுங்க. பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போறன்" என்று சொல்லி ஒரு புதன்கிழமை வாசலில் கொண்டுவந்து ஓட்டோவை நிறுத்திவிட்டான். வழி நெடுக இறங்கி ஏறி, அடையாள அட்டை காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் போக வேண்டும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் தம்பிராசா வாயைத் திறக்க முன்னம் ஆதம்பாவாவே முந்திக்கொண்டு, "நம்மட அண்ணன், கிளினிக் போறம்" என்று கதையை முடித்துவிடுவான்.

கிளினிக்கில் இருந்தவர் டொக்டர் கமலேஸ்வரி. நரைத்த தலை, மெல்லிய குரல். இரத்தம் எடுத்து, முடிவு வந்த கடதாசியைப் பார்த்துவிட்டு, ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"சீனி நல்லா ஏறி நிக்குது அம்மா. இப்பிடி எவ்வளவு காலமோ தெரியாது. குளிசை ஒழுங்காப் போடுறவரோ?"

"ஒரு நேரமும் விடுறேல்லை டொக்டர். நான்தான் கையில எடுத்துக் குடுக்கிறனான்."

"சாப்பாடு?"

"மற்ற ஆக்கள் சாப்பிடுறதுதான். பிட்டு, சோறு, மீன்."

"தேத்தண்ணிக்குச் சீனி?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். "எங்கட வீட்டில சீனி மருந்துக்கும் இல்லை டொக்டர்" என்றாள். கழுத்து உயர்ந்தது.

டொக்டர் யோசித்தார். குளிசையைக் கூட்டுவதா, ஊசிக்கு மாற்றுவதா என்று தனக்குள் கணக்குப் போட்டபடி இருந்தார். அந்த நேரம் பார்த்து அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை டொக்டருக்கு வெறும் தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதுவரைக்கும் கதிரையில் பேசாமல் இருந்த தம்பிராசாவின் முகம் மலர்ந்தது. சேட் பையில் கையை விட்டு, கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். இரண்டாக உடைத்தார். பெரிய பாதியை டொக்டருக்கு நீட்டினார்.

"வெறுமையாக் குடிக்காதேங்கோ பிள்ளை. இதைக் கடிச்சுக் குடியுங்கோ."

டொக்டர் பனங்கட்டியைப் பார்த்தார். பிறகு தம்பிராசாவைப் பார்த்தார்.

"ஐயா, இது எப்பவும் உங்கட பையில இருக்குமோ?"

"ஓம். கடலுக்கும் கொண்டு போறனான்."

"இதைச் சாப்பிடுறனீங்களோ?"

"சாப்பிடுறேல்லை" என்றார் தம்பிராசா, கொஞ்சம் ரோசத்தோடு. "கடிக்கிறனான்."

வள்ளிநாயகி குறுக்கே விழுந்தாள். "டொக்டர், அது சீனி இல்லை. பனங்கட்டி."

கமலேஸ்வரி டொக்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று வள்ளிநாயகி பயந்துபோனாள். கையை எடுத்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதில் நையாண்டி இல்லை. காணாமல் போன பூட்டுத் திறப்பு தன் மடியிலேயே கிடந்ததைக் கண்டுபிடித்த ஒருவரின் சிரிப்பு அது.

"ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி அம்மா?"

விடியப்புறம் ஒன்று, கடலுக்குக் கொண்டுபோகிற சுடுதண்ணிப் போத்தலில் உள்ளது, கரைக்கு வந்ததும் ஒன்று, வலை தைக்கும்போது ஒன்று... வள்ளிநாயகி சொல்லச் சொல்ல அவளுடைய குரல் தானாகவே இறங்கிக்கொண்டு போனது. கடைசியில், "அப்ப பனங்கட்டியும்...?" என்று மட்டும் கேட்டாள்.

"பனங்கட்டியும், கருப்பட்டியும், சக்கரையும், எல்லாம் உள்ளுக்கை போனா ஒண்டுதான் அம்மா. இரத்தத்துக்கு நிறம் தெரியாது. கனக்கச் சோறும் பிட்டும்கூடச் சீனியாத்தான் மாறும். உங்களில பிழை இல்லை. எங்கட சொல்லுத்தான் உங்களை ஏமாத்திப் போட்டுது. சீனி வருத்தம் எண்டு சொல்லுறம், நீங்கள் சீனியை நிப்பாட்டினீங்கள். இந்தியாவில இதைச் சர்க்கரை வியாதி எண்டு சொல்லுவினம், அங்க இருந்திருந்தா நீங்கள் சக்கரைக் கட்டியைத்தான் நிப்பாட்டியிருப்பீங்கள்."

தம்பிராசா நிமிர்ந்தார். "அப்ப அங்கயெண்டா சீனி போட்டுக் குடிக்கலாமோ?"

இந்த முறை வள்ளிநாயகிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அந்த மாதிரி ஒரு பகிடியை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை மாதமோ.

பிறகுதான் அவள் தன் உண்மையான கேள்வியைக் கேட்டாள். "டொக்டர், மறதிக்கும் இதுக்கும் என்ன? சீனி இரத்தத்திலதானே. மறதி தலைக்கையெல்லோ?"

வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இருந்தும் டொக்டர் அவசரப்படவில்லை. இவர்களைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் விளங்காது என்று நினைக்காமல், நேரம் எடுத்துச் சொன்னார். வள்ளிநாயகி அவருக்கு நன்றி சொல்கிறபோதெல்லாம் குளிசையைவிட இதைத்தான் முதலில் சொல்லுவாள்.

டொக்டர் சொன்னது இதுதான். இரத்தத்தில் சீனி கட்டுமீறி ஏறி நின்றால், அந்த நேரத்துக்கே ஆள் மந்தமாகிவிடும், குழம்பும். அது ஒன்று. இறக்கினால் தெளியும். மற்றது மெதுவாக நடக்கிறது. எல்லோருடைய மூளையிலும் சில புரதங்கள் உண்டாகிக்கொண்டே இருக்கும். உடம்பு அவற்றைத் துப்புரவாக்கிக்கொண்டே இருக்கும். மறதி வருத்தம் முற்றிய ஆட்களின் மூளையைப் பார்த்தபோது, அந்தப் புரதம் துப்புரவாகாமல் கட்டிகட்டியாகத் தேங்கியும், இன்னொரு புரதம் நரம்புகளுக்குள் முறுக்குப்பட்டும் கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். சீனி வருசக்கணக்கில் கூடி நின்றால் இந்தத் தேக்கமும் கூடுமோ என்று இப்போது ஆராய்கிறார்கள். சீனியைக் கட்டுப்படுத்த உடம்பு சுரக்கிற இன்சுலின் என்று ஒன்று இருக்கிறது. வேலை முடிந்த இன்சுலினைக் கரைக்கிற பொருள்தான் மூளையில் அந்தப் புரதத்தையும் கரைக்கிறது. சீனி கூடிக்கொண்டுபோய் இன்சுலினும் அளவுக்கு மிஞ்சினால், கரைக்கிற அந்தப் பொருள் அதோடேயே மினக்கெட்டு மற்றதை விட்டுவிடுகிறதோ என்று ஒரு சந்தேகம்.

"சந்தேகம்தான் அம்மா. முடிஞ்ச முடிவு எண்டு நான் சொல்லமாட்டன். ஐயாவுக்கு எது எவ்வளவு எண்டும் இப்ப சொல்ல ஏலாது. சீனியை இறக்கிப் பாப்பம். சீனிக் குழப்பத்தால போனது திரும்பி வரும். மற்றது இனிக் கூடாமல் பாக்கலாம்."

வரும் என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வள்ளிநாயகி வீட்டுக்கு வந்தாள்.

பின்னேரம் கரையில் யோகராசா வலையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் இதை எப்படிச் சொல்லுகிறது? புரதம் என்றால் அவன் ஓடிவிடுவான். வலையில் காய்ந்து கிடந்த பாசியைப் பார்த்தாள்.

"தம்பி, வலையில அள்ளுகொள்ளையா மீன் பட்டா என்ன செய்வாய்?"

"சந்தோசப்படுவன்."

"விசரா, அதுக்குப் பிறகு. எல்லாற்ற கையும் மீன் கழட்டப் போகுமெல்லோ? பாசியை ஆர் எடுக்கிறது?"

"ஒருத்தரும் எடுக்கேலாது. அது கிடந்து காஞ்சு வலையை முறுக்கிப்போடும்."

"அத்தான்ர தலைக்கையும் அதுதானாம் நடக்குது. சீனி கூடினபடியா, துப்புரவாக்கிற கையெல்லாம் அதோட மினக்கெடுதாம்."

யோகராசா வலையிலிருந்து ஒரு பாசியைப் பிய்த்தான். "அப்ப அத்தான்ர தலைக்கை பாசி எண்டுறாய்."

"உன்ர தலைக்கை வலையே இல்லை. கதையைக் கேள். சீனி இறங்கினா ஆள் தெளியலாமாம். அவற்ற இடத்துக்கு நிரந்தரமா ஆளைச் சேர்த்துப் போடாதை."

"சேர்க்கேல்லை அக்கா. வாறவனிட்டைச் சொல்லித்தான் ஏத்தினனான், அத்தான் வருமட்டும்தான் எண்டு."

அவள் கேட்க முன்னமே அவன் அதைச் செய்திருந்தான். அன்றைக்கு அவனுக்கு மீன் தலையைக் குழம்பில் தேடி எடுத்துப் போட்டாள்.

பிறகு வந்த மாதங்கள் இலேசான மாதங்கள் இல்லை. பனங்கட்டி இல்லாமல் தேத்தண்ணி இறங்காது என்று தம்பிராசா குழந்தை மாதிரி அடம்பிடித்தார். வள்ளிநாயகி ஒரு துண்டு தேங்காய்ச் சொட்டை அவர் கையில் வைத்தாள். "இதை எலிப்பொறிக்கை வை" என்று திருப்பித் தந்தார். பிறகு அதையே கடிக்கப் பழகினார். பிட்டின் அளவைக் குறைத்துக் கீரையும் மீனும் கூட்டினாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கோயில்வரைக்கும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். இருட்டினால் வெளியே இறங்க ஏலாத காலம். ஆகவே வளவுக்குள்ளேயே வேலியோரமாக இருவரும் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். "செக்கு மாடு மாதிரிச் சுத்துறம்" என்பார் அவர். "செக்கு மாடு இப்பிடிக் கதைக்காது" என்பாள் அவள்.

ஊரும் உதவியது. இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆதம்பாவா கரையிலிருந்து பட்டினம் வரைக்கும் உள்ள தேத்தண்ணிக் கடை எல்லாவற்றிலும் ஓட்டோவை நிறுத்தி, "தம்பிராசா அண்ணன் வந்தா கடிக்கிறதுக்கு ஒண்டும் குடுக்க ஏலா, குடுத்தா மறுகா எனக்கிட்ட கதைக்க வேணாம்" என்று சொல்லிவைத்திருந்தான். திரியாய் பஸ் என்று கத்திய பெடியன்கூட, தன் தங்கச்சியின் சாமத்தியச் சடங்கில் தம்பிராசாவின் தட்டிலிருந்து இனிப்பு அரியதரத்தை எடுத்துத் தான் தின்றுவிட்டான். அண்ணையைக் காப்பாற்றத்தான் தின்றேன் என்று சொன்னான். வள்ளிநாயகி மூன்று தலைமுறைத் திட்டையும் அன்றைக்கே வாபஸ் வாங்கினாள்.

கிளினிக்குக்குப் போகப் போகக் கடதாசியில் சீனி இறங்கியது. அதற்குப் பின்னால் ஆளும் வந்தார். ஒரே நாளில் வரவில்லை. ஒரு நாள் வாளியோடு போனவர் குளித்துவிட்டு வந்தார். இன்னொரு நாள், வள்ளிநாயகி உப்பை மறந்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "மறதி வருத்தம் எனக்கோ உனக்கோ?" என்று கேட்டார். எல்லாம் திரும்பவில்லை. மகளின் கடைசிப் பிள்ளையின் பெயர் அவருக்கு நிற்பதே இல்லை. களைத்த நாட்களில் மாமாவின் வயலைப் பற்றி இப்போதும் கேட்பார். அந்த நேரம் வள்ளிநாயகி அவரைத் திருத்தமாட்டாள். "இன்னும் வெட்டத் தொடங்கேல்லை" என்று சொல்லி, நீர் குடிக்கக் கொடுப்பாள்.

"தனிய விடாதேங்கோ. ஆளோட போறதெண்டா கடலுக்குப் போகலாம்" என்று டொக்டர் சொன்ன பிறகு, யோகராசா அவரைத் திரும்பவும் வள்ளத்தில் ஏற்றினான். ஆனால் முன்னுக்குத்தான் இருத்தினான். எஞ்சினைத் தான் பிடித்துக்கொண்டான். தம்பிராசா வலையடியில் குந்தினார். பேசாமல் மீன் கழற்றினார். அந்தப் பேசாமையை வள்ளிநாயகி வீட்டில் கண்டாள். சாப்பாட்டில் கண்டாள், வேலியோர நடையில் கண்டாள். எஞ்சினை அவரிடம் கொடுக்கச் சொல்லித் தம்பியிடம் கேட்கலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தாள். அவன் உயிரும் அந்த வள்ளத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் விட்டாள். இவ்வளவு கிடைத்ததே அம்மன் தந்தது, இதற்கு மேலும் கேட்டால் பேராசை என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

கச்சான் காற்று ஓய்ந்துகொண்டு வந்த ஒரு பின்னேரம். அவள் கருவாட்டைப் பாயிலிருந்து கூட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பின. தங்கள் வள்ளம் எது என்று தூரத்திலேயே அவளுக்குத் தெரியும். யோகராசா எப்போதும் பின்னுக்கு நின்றபடிதான் ஓட்டுவான். இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டான். அன்றைக்கு வந்த வள்ளத்தில் நிற்கிற ஆளைக் காணவில்லை.

கருவாட்டை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீர் காலில் படும் மட்டும் ஓடினாள். தம்பிக்கு என்ன நடந்தது? கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துப் பார்த்தாள். பின்னுக்கு எஞ்சினடியில் ஒருவர் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, ஊஞ்சலில் இருக்கிற மாதிரிச் சாவகாசமாக இருந்தார். வள்ளம் தண்ணீருக்கடியில் கிடக்கிற பாறைப் பாருக்கு இந்தப் பக்கமாக வளைந்து, நேவி சொன்ன எல்லைக்கு உள்ளால், கோடு கீறிய மாதிரி வந்தது. பின்னால் வந்த இரண்டு வள்ளங்களும் அதே வளைவில் திரும்பின.

முன்னுக்கு, வலைக் குவியலின் மேல், யோகராசா துவாயால் முகத்தை மூடிக்கொண்டு மல்லாக்கக் கிடந்தான்.

"டேய் தம்பி! உனக்கென்னடா?" என்று அவள் கத்தினாள்.

எஞ்சின் நின்றது. தம்பிராசா அவளைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"ஏனடி குளறுறாய்? பொடியன் நித்திரை. கொஞ்சம் படுக்கட்டும்."